பலகையில் தொண்ணூற்றேழு

எங்கள் ஊர் ஸ்டேஷன் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ரயிலில் ஜன்னல் கதவுகளை இறக்கிவிடுவார்கள். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது விழித்தால், பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக் காட்டி, "மருதாபுரி வருது" என்பார். தோல் தொழிற்சாலைகளை மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது. நாற்றமும் முக்கால்வாசி போய்விட்டது. கதவை இறக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. என் கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் எந்த ஊர் என்று கேட்டபோது என் அப்பா கூசாமல் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னார். தாலி கட்டிய பிறகுதான் என் மனைவி கோமளாவுக்கு உண்மை தெரியும். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அங்கிருந்துதான் ஆரம்பிப்பாள்.

நான் புகழேந்தி. மருதாபுரி மாநகராட்சியில் நற்பெயர்ப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே இருக்கிறது. இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி, நான். ஊரைப் பற்றி வெளியில் நல்ல விதமாக நாலு வார்த்தை போகும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. பல வருடம் எழுத ஒன்றும் இல்லாமல் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். பூங்கா திறந்தோம், நீரூற்று வைத்தோம், 'மணக்கும் மருதாபுரி' என்று சுவரெல்லாம் எழுதினோம். அதை யாரோ படம் பிடித்துப் போட, நாடே ஒரு வாரம் சிரித்தது.

அப்புறம்தான் ருக்மாங்கதன் ஆணையராக வந்தார். கெட்டிக்காரர், கோபம் வராதவர், இருபது மணி நேரம் வேலை பார்க்கிறவர். நாற்றத்தை விரட்டுவது நம் கையில் இல்லை, அது மண்ணில் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடம் நம் கையில் இருக்கிறது என்றார். மாநகராட்சிக்கு நாற்பத்தொரு பள்ளிகள். அவற்றை நாட்டிலேயே சிறந்த பள்ளிகளாக ஆக்கிவிட்டால் அப்புறம் எவன் மூக்கைப் பிடிப்பான் என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பிலும் ஒரு பெட்டி வைத்தார்கள். கரும்பலகைக்கு மேலே, சாமி படம் மாட்டுகிற உயரத்தில். அதற்கு இரண்டு கண், ஒரு திரை, ஒரு குரல். வகுப்பைக் கவனிக்கும், கேள்வி கேட்கும், ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்தும், ஒவ்வொரு பிள்ளைக்கும் எது புரியவில்லையோ அதை அதற்கேற்ற மாதிரி மறுபடி சொல்லித்தரும். காகிதத்தில் அதன் பெயர் 'கற்றல் துணை'. பிள்ளைகள் வைத்த பெயர் பெட்டியக்கா. அந்தப் பெயர்தான் நின்றது.

பெட்டியக்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இயந்திரம் தனியே சோதித்து மதிப்பெண் போட்டு வைக்கக் கூடாது என்று சட்டம். முன்பு எங்கோ ஒரு ஊரில் அப்படிப் போட்ட எண்கள் பிள்ளைகளின் பின்னாலேயே வேலை வரைக்கும், கல்யாணம் வரைக்கும் போய், பெரிய ரகளையாகி, அதற்குப் பின் வந்த சட்டம். ஒரு பிள்ளை தானாக எல்லார் எதிரிலும் எதைக் காட்டுகிறதோ, அதை மட்டும்தான் பெட்டி கணக்கில் எடுக்கலாம்; அதையும் பிள்ளையின் பெயரோடு மறுநாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியே சொல்வதானால் வகுப்புக்கு, பள்ளிக்கு, ஊருக்கு என்று மொத்தமாகத்தான் சொல்லலாம். நல்ல சட்டம் என்று அதைப் பாராட்டி நானே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்.

முதல் வருடம் முடிந்ததும் ஆணையர் ரயில் நிலையத்தில் ஒரு மின்பலகை வைக்கச் சொன்னார். ரயிலில் இருப்பவனுக்குக் கண்ணில் அடிக்கிற மாதிரி. 'மருதாபுரி மாநகராட்சிப் பள்ளிகளில் இன்று சரளமாக வாசிப்போர்' என்று ஒரு வரி. அடியில் ஆள் உயரத்துக்கு எண். பள்ளிகளிலிருந்து தினமும் அதுவாகவே வந்து விழும். முதல் நாள் எண்பத்தொன்பது விழுக்காடு. மூன்றாம் வருடம் தொண்ணூற்றேழு. படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். ரயிலில் சிலர் கதவை ஏற்றி எட்டிப் பார்த்தார்கள். நான் பிளாட்பாரத்தில் நின்று அதைப் பார்த்தேன். ஏறிய கதவுகளை எண்ணினேன், ஏழு. கண் கலங்கிவிட்டது.

அதே ஜோரில் ஆணையர் இன்னோர் உத்தரவு போட்டார். மாநகராட்சி ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும். என் மகள் நறுமுகை அப்போது ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். டை, ஷூ, சனிக்கிழமைக்குத் தனி யூனிஃபார்ம். கோமளா இரண்டு நாள் சோறு வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். மூன்றாம் நாள் நான் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்ப் பலகையைக் காட்டினேன். அவள் வெகு நேரம் பார்த்தாள். பொய்யாக இருந்தால் உங்களைச் சும்மா விடமாட்டேன் என்றாள். பொய்யா, நானே எழுதின பலகை என்றேன்.

நறுமுகை மேட்டுத்தெரு மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். டீச்சர் பெர்சிஸ். இருபத்தாறு வருட அனுபவம். அவர் வகுப்பில் முப்பத்து நாலு பிள்ளைகள், முப்பத்து நாலு பேரும் சரளம் என்று எனக்கு அலுவலகத்தில் அறிக்கை வரும். அதில் ஒருத்தி என் மகள். வருட முடிவில் நாலாம் வகுப்புக்கும் அதே டீச்சர் கூடவே வந்தார். எனக்கு என்ன கவலை?

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோமளாவின் தம்பியை ரயில் ஏற்றிவிட நாங்கள் மூவரும் போயிருந்தோம். ரயில் தாமதம். மைத்துனன் எதிரில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று, பலகையைப் படி பாப்பா என்றேன். நறுமுகை நிமிர்ந்து பார்த்தாள். "மணக்கும் மருதாபுரி," என்றாள், கணீரென்று.

மைத்துனன் சிரித்துவிட்டான். அவள் விளையாடுகிறாள் என்று நானும் சிரித்தேன். சரியாகப் படி என்றேன். அவள் பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். எதைச் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன் என்று அங்கே தேடுகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். உப்பு பாக்கெட், காலண்டர் தாள், அவளுடைய சொந்தப் பாடப்புத்தகம். புத்தகத்தின் முதல் பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்றால் தெரியவில்லை. 'படம்' வந்தது. 'மரம்' வந்தது. 'வெளிச்சம்' என்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கோமளா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலாங்கிளாஸுங்க," என்றாள் ஒரே ஒரு தரம். திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. என் கண் சொல்வது உண்மையா, பெட்டி சொல்வது உண்மையா? மூன்று வருடமாகப் பெட்டி பிசகியதாக ஒரு புகார் கிடையாது. அப்படியானால் பிள்ளை வீட்டில் வேண்டுமென்றே படிக்காமல் இருக்கிறாளா, பள்ளியை மாற்றியதற்கு எங்களைத் தண்டிக்கிறாளா? பார்வைக் கோளாறா? கண் டாக்டரிடம் காட்டினோம். கண் பிரமாதமாக இருந்தது. முப்பத்து நாலில் முப்பத்து நாலு என்றால் என் மகள் எந்த எண்ணில் இருக்கிறாள்? எதை யோசித்தாலும் ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றேன்.

கடைசியில் பள்ளிக்கே போனேன். படம் எடுக்க வந்திருப்பதாகச் சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பெட்டியக்கா திரையில் ஒரு வரியைக் காட்டி, இதை யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டது. முப்பத்து நாலு கைகளும் ஒரே சமயத்தில் மேலே போயின. என்ன அழகு! பெட்டி ஒரு பெண்ணைக் கூப்பிட்டது, அவள் தங்குதடையின்றி வாசித்தாள். அடுத்த கேள்வி, மறுபடி முப்பத்து நாலு. ஒரு பையன், கச்சிதமான பதில். நறுமுகையும் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினாள். அவளைக் கூப்பிடவே இல்லை.

ஆறாவது கேள்வியிலோ ஏழாவதிலோதான் கவனித்தேன். நறுமுகை தூக்கியது இடது கை.

பக்கத்தில் இருந்தவளும் இடது. அந்த வரிசை முழுக்க இடது. கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் வலது. எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, அடக்க முடியாமல் வந்தது. ஏனென்றால் நானும் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முந்தின நாளே டீச்சர் சொல்லிவிடுவார்: எல்லாரும் கையைத் தூக்கணும், பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கைக்காரனாகப் பார்த்து எழுப்புவார். இன்ஸ்பெக்டர் வகுப்பு முழுக்கக் கெட்டிக்காரர்கள் என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவார். எங்கள் ஊரில் இது தெரியாத பிள்ளை கிடையாது. நானே மூன்றாம் வகுப்பு முழுக்க இடது கைதான்.

சிரித்து முடித்த பிறகுதான் இடது கைகளை எண்ண ஆரம்பித்தேன்.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் பெர்சிஸ் டீச்சரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. முதல் நாள் பெட்டியை மாட்டியபோது, அதிகாரிகள் வந்து, இது எல்லாத்தையும் பார்க்கும், மேலே சொல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"நான் இன்னா நெனச்சேன்? இன்ஸ்பெக்ஷன்னு நெனச்சேன். பசங்க கிட்ட வழக்கமா சொல்றதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர்னா ரெண்டு மணி நேரத்துல போயிடுவாரு சார். இது போவவே இல்ல. நானும் நிறுத்துன்னு சொல்லவே இல்ல. பசங்களுக்கு அதுவே பழகிடுச்சு."

மற்றப் பள்ளிகளில் எப்படி என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான், இதில் பேசி வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றார். நாற்பத்தொரு பள்ளிகளில் மூன்று வருடமாக இன்ஸ்பெக்ஷன் நடந்துகொண்டிருக்கிறது. போகாத இன்ஸ்பெக்டர். இறங்காத கைகள்.

நான் பெட்டியை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை பணத்தைக் கொட்டி வாங்கியது, ஒரு பழைய வாத்தியார் தந்திரத்தில் ஏமாந்துவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது. அதை அதனிடமே சொன்னேன்.

"ஏமாறலை சார்," என்றது பெட்டியக்கா. பிள்ளைகளோடு பேசுகிற அதே குரல், மரியாதை மட்டும் கூட. "முதல் மாசமே புரிஞ்சுபோச்சு. வலது கைன்னா தெரியும், இடது கைன்னா தெரியாது. பிள்ளைங்க இதுல பொய் சொல்றதே இல்லை. தெரியாதுன்னு சொன்னா மானம் போகும்னு பயப்படுற பிள்ளைகூட இடது கையை நிம்மதியாத் தூக்குது. தனியா சோதிக்க எனக்கு அனுமதி இல்லை. எனக்குக் கிடைக்கிற ஒரே உண்மை அந்தக் கைதான்."

அப்படியானால் தெரியாதவர்களை என்ன செய்கிறாய் என்றேன். மதியம் வலது கைப் பிள்ளைகளை வாசிப்பு அறைக்கு அனுப்பிவிட்டு, இடது கைப் பிள்ளைகளை உட்கார வைத்து நானும் டீச்சரும் எழுத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றது. டீச்சர் தலையை ஆட்டினார். போன வருடம் வகுப்பு ஆரம்பித்தபோது பதினொரு வலது, இருபத்துமூன்று இடது. இப்போது பதினெட்டு வலது. ஊர் மொத்தத்தில் மூன்று வருடத்துக்கு முன் முப்பத்தொரு விழுக்காடு, இன்றைக்கு ஐம்பத்திரண்டு.

"என் பொண்ணு?" என்றேன்.

சட்டப்படி எண் சொல்ல முடியாது என்றது பெட்டி. டீச்சர்தான் சொன்னார். நறுமுகை வரும்போது பாட்டெல்லாம் ஒப்பிப்பாளாம், எழுத்து ஒன்றுகூடத் தெரியாதாம். டை கட்டிய பள்ளியில் ஒப்பிக்கவே வைத்திருக்கிறார்கள். இப்போது கொம்பும் காலும் இல்லாத சொற்களைக் கூட்டிப் படிக்கிறாள், தீபாவளிக்குள் வாசித்துவிடுவாள் என்றார். அந்தப் பள்ளி கொடுத்த அட்டையில் தமிழுக்குத் தொண்ணூற்றாறு போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதை நான் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தேன்.

அப்படியென்றால் ஸ்டேஷனில் தொண்ணூற்றேழு எங்கிருந்து வந்தது? நீதானே அனுப்புகிறாய் என்றேன் பெட்டியிடம்.

"நான் இரண்டு எண் அனுப்பினேன் சார். கேள்விக்குக் கை உயர்த்துவோர், வலது கை உயர்த்துவோர். பலகைக்கு எது வேணும்னு கேட்டிருந்தேன். உங்க பிரிவிலிருந்து பதில் வந்துச்சு."

எங்கள் பிரிவில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அந்தப் படிவம் மெல்ல நினைவுக்கு வந்தது. இரண்டாவது வரியை வலது கை, இடது கைப் பழக்கத்தைப் பற்றிய ஏதோ புள்ளிவிவரம் என்று நினைத்துக் கோடு போட்டு அடித்தேன். முதல் வரி ஸ்டேஷனில் எழுத அசிங்கமாக இருந்தது. கை உயர்த்துவோர் என்றால் எவன் கதவைத் திறந்து பார்ப்பான்? நானாகத்தான் 'சரளமாக வாசிப்போர்' என்று மாற்றினேன். நல்ல தமிழ் என்று ஆணையர் பாராட்டினார். மூன்றாம் வகுப்பு முழுக்க இடது கையைத் தூக்கினவன், கையில் பேனா வந்ததும் அதை மறந்துவிட்டேன்.

ஆணையரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வதுதான் யோக்கியம் என்று நினைத்தேன். அதுவே அப்புறம் வினையாகப் போயிற்று. ருக்மாங்கதன் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இன்னும் ஒன்பது நாளில் டில்லியிலிருந்து 'கற்கும் நகரம்' விருதுக்கான குழு வருகிறது. வென்றால் ஒரு பெரிய தொழிற்சாலை எங்கள் ஊருக்கு வருவதாகப் பேச்சு. ஐம்பத்திரண்டு என்று மாற்றிப் போட்டுவிடலாம் சார், முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு என்பதே பெரிய விஷயம்தான் என்றேன்.

"உங்களுக்கும் எனக்கும் பெரிய விஷயம். ரயில்ல போறவனுக்கு? பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாத ஊருன்னு மறுபடி கதவை இறக்குவான்." ஜன்னலிலிருந்து திரும்பினார். "அந்தப் பலகையைப் பார்த்துதானே ஜனங்க பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாங்க? மூணு வருஷத்துல நாலாயிரம் பிள்ளைங்க கூட வந்திருக்காங்க. எண் பொய், சரி. அதனால வந்த பிள்ளைங்க நிஜம்தானே புகழேந்தி?"

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஆனால் மறுநாள் அவர் போட்ட உத்தரவைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது கையை உயர்த்தும் ஏமாற்று வழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் உடனே நிறுத்தப்பட வேண்டும். இனி வலது கை மட்டும். குழுவில் யாராவது மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர் இருந்து கண்டுபிடித்துவிட்டால் மானம் போய்விடும் என்று அவருக்குப் பயம். பலகையின் எண்ணும் குறையக் கூடாது. அதனால் தெரியாதவர்கள் கையைத் தூக்காமல் இருக்கலாம் என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்லவில்லை. முப்பத்து நாலு பிள்ளைகளும் வலது கையைத் தூக்கினார்கள்.

இரண்டாம் நாள் பெர்சிஸ் டீச்சர் என் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்கதான் போய்ச் சொன்னீங்களா சார்? பெட்டியக்காவுக்கு இப்ப யாருக்கு இன்னா தெரியும்னு ஒண்ணுமே தெரியல. மதியம் யாரை உக்கார வெக்கிறதுன்னு என்னைக் கேக்குது. எல்லாரும் வலது, எல்லாரும் கெட்டிக்காரங்க. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா, அந்தப் பசங்க நாங்க மக்கு இல்லன்னு அழுவுது. உங்க பொண்ணு எழுந்திரிக்கவே மாட்டேங்குறா."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய்யாகத் தூக்கிய கையில் உண்மை இருந்தது. உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று நான் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் நறுமுகை புத்தகத்தை எடுப்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் எல்லாம் தெரியும் என்றாள். முன்பு தெரியாது என்று சொல்ல அவளிடம் ஒரு கையாவது இருந்தது.

குழு வந்தது. ஐந்து பேர். தலைவர் மீனலோசனி என்ற அம்மையார், வெள்ளை முடி, மெதுவான பேச்சு. எங்கே கூட்டிப்போவார்கள்? மேட்டுத்தெருப் பள்ளி, நாலாம் வகுப்பு, பெர்சிஸ் டீச்சர். வர்ணிக்க நான். வகுப்பின் பின்னால் ஆணையரும் நானும் குழுவினரும் வரிசையாக நின்றோம். எங்கள் எதிரில், கரும்பலகைக்கு மேல், பெட்டியக்கா.

அம்மையார் தானே ஒரு வரியை எழுதிக்கொண்டு வந்திருந்தார். கரும்பலகையில் எழுதினார். இதை யார் வாசிப்பீர்கள் என்று பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். முப்பத்து நாலு வலது கைகள். ஆணையரின் மூச்சு சீராவது எனக்குக் கேட்டது. அம்மையார் பெட்டியைப் பார்த்து, நீயே ஒருவரைக் கூப்பிடு என்றார்.

பெட்டி கூப்பிடவில்லை. மூன்று விநாடி, நாலு விநாடி. அதற்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்பது அங்கிருந்தவர்களில் எனக்கும் டீச்சருக்கும் ஆணையருக்கும் மட்டும் புரிந்தது. நறுமுகை மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் வலது கையைத் தூக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பிளாட்பாரத்தில் பார்த்த அதே பார்வை. நான் எதைச் சொன்னால் அப்பா சந்தோஷப்படுவார் என்ற பார்வை. எந்த நிமிடமும் பெட்டி குத்துமதிப்பாக ஒரு பெயரைச் சொல்லலாம். அது அவள் பெயராக இருக்கலாம். ஐந்து பேர் எதிரில் எழுந்து நின்று கரும்பலகையைப் பார்த்து விழிப்பாள், அப்புறம் வாழ்க்கையில் புத்தகத்தைத் தொடமாட்டாள்.

நான் இடது கையைத் தூக்கினேன்.

யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். கை போய்விட்டது. ஆணையர் திரும்பி என்னைப் பார்த்தார். நறுமுகையின் கண் என் கையிலேயே இருந்தது. அவள் மெதுவாக வலது கையை இறக்கினாள், இடது கையைத் தூக்கினாள். பக்கத்துப் பெண் அவளைப் பார்த்தாள், மாற்றினாள். அந்த வரிசை மாறியது. முன் பெஞ்சில் இரண்டு பேர். சத்தமே இல்லை. எண்ணிப் பார்த்தேன், பதினாறு இடது கைகள். எல்லாக் கைகளும் மேலேதான் இருந்தன.

"ஏன் கை மாத்துறாங்க?" என்றார் அம்மையார்.

"கை வலிச்சிருக்கும் மேடம். ரொம்ப நேரமா தூக்கிட்டு இருக்காங்க," என்றார் ருக்மாங்கதன். குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். பெட்டியக்கா உடனே ஒரு பெயரைக் கூப்பிட்டது. வலது கைப் பெண் ஒருத்தி எழுந்து அந்த வரியை அவ்வளவு அழகாக வாசித்தாள், அம்மையார் கைதட்டினார்.

விருது எங்களுக்குத்தான் வந்தது. பலகையில் தொண்ணூற்றேழு அப்படியே இருந்தது. இருக்காதா பின்னே, அது கைகளை அல்லவா எண்ணுகிறது. ஆணையர் என்னைத் திட்டவில்லை. இடது கை உத்தரவைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை, பழையபடி தெரிந்த பிள்ளைகள் வலது கையையும் தெரியாதவர்கள் இடது கையையும் தூக்கினார்கள், மதிய வகுப்பு மறுபடி தொடங்கியது. எண்ணை மாற்றச் சொல்லி நான் கொடுத்த குறிப்புக்கு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பெட்டியிடம் கேட்டேன். இதே வேகத்தில் போனால் ஏழு வருடத்தில் உண்மையான எண்ணும் தொண்ணூற்றேழு ஆகிவிடும் என்றது. அதுவரை அந்தப் பலகை பொய்யா, முன்கூட்டியே சொன்ன உண்மையா? எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. வரன் பேச்சில் இப்போது எங்கள் ஊர்ப் பெயரை ஊர்ப் பெயராகவே சொல்கிறார்கள். தொழிற்சாலைக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள்.

தீபாவளிக்கு மைத்துனன் வந்தான். அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போனோம். கோமளா பூ வாங்கப் போயிருந்தாள். நானும் நறுமுகையும் பலகைக்கு எதிரே நின்றோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, விரலை நீட்டி, காற்றில் தொட்டுத் தொட்டு. "ம-ரு-தா-பு-ரி... மா-ந-க-ரா-ட்-சி..." இரண்டு இடத்தில் நின்றாள், திரும்பிப் போய்க் கூட்டினாள். 'சரளமாக' என்பதில் தடுக்கி, எழுந்து, கடந்தாள். வரி முடிவதற்குள் ரயில் வந்தே விட்டது. கதவுகள் ஏறியிருந்தன. நான் எண்ணவில்லை, கண்ணீர் மறைத்தது.

படித்து முடித்தவள் அந்தப் பெரிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எண் எப்போதும் தெரியும். ஏதோ மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்பா, இது தப்பு. எங்க கிளாஸ்லயே பதிமூணு பேர் இன்னும் இடது. யாரு இப்படி எழுதுனது? உனக்குத் தெரியுமா?"

கேள்வி கேட்கும்போது பெட்டியக்கா மாதிரியே குரலை இழுத்தாள். எங்கள் ஊர்ப் பழக்கம், என் கை தானாக மேலே போயிற்று. எந்தக் கை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் அதைப் பார்த்தாள், அப்படியே நம்பினாள்.

"பரவால்லப்பா," என்றாள். "தெரியாதவங்களுக்கு மதியம் டீச்சர் சொல்லித் தருவாங்க."